எட்டு அட்டைகளில் ஒரே கட்டைவிரல்

எட்டுப் பெண்கள் எப்படி ஒரே பெண்ணாக ஆக முடியும்?

1952-இல் எங்கள் தோட்டத்து நல்லம்மாள் இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டாள். எனக்குப் பின்னக் கணக்கு தெரியும், ஆங்கிலத்தில் லீவு கடிதம் எழுதத் தெரியும், உலகப் படத்தில் நதிகளைக் காட்டத் தெரியும். இதற்கு மட்டும் எந்தப் பாடத்திலும் விடை இல்லை. இப்போது அவள் கதையை எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். அதை மறைக்கப் போவதில்லை.

தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் அதே ஆட்கள்தான் வேலை செய்கிறார்கள். கோலாலம்பூருக்கு வடமேற்கே, புக்கிட் ரோத்தானிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லம்மாள் ஸ்டோரில் வேலை செய்தாள். ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் என்றால் கடை இல்லை. காட்டில், அதாவது ரப்பர் மரங்கள் நிற்கும் பகுதியில், வெட்டி எடுத்த பாலைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டி, திராவகம் கலந்து உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கும் கட்டடம் அது. உறைந்த பால் வெள்ளைப் பலகை மாதிரித் தொட்டியில் மிதக்கும். இரண்டு கட்டைவிரலையும் அடியில் கொடுத்து நெம்பித் தூக்கினால்தான் வெளியே வரும். நல்லம்மாள் பதினேழு வருஷம் அப்படி நெம்பித் தூக்கினாள், வெறுங்கையோடு. கையுறை கேட்டதற்கு, "கையுறை போட்டால் தகட்டில் ஊத்தை பிடிக்கும்" என்று கிராணி சொல்லிவிட்டார். கிராணி கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆபீசின் குமாஸ்தா. அவர் சொன்னது மெய்யா பொய்யா என்று யாரும் விசாரிக்கவில்லை.

முதல் வருஷம் அவள் விரல் நுனித் தோல் வெளுத்து உரிந்தது. மூன்றாம் வருஷம் உரிவது நின்றது. அதற்குப் பிறகு அவள் விரல்களில் ரேகை என்பதே இல்லை. ஈரத் தம்ளர் கையில் நிற்காமல் வழுக்கி விழும். ஊசியில் நூல் கோக்க மகள் கங்காவைக் கூப்பிடுவாள். ஆனால் கொதிக்கிற சட்டியைத் துணியில்லாமல் இறக்கி வைப்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதை வித்தை என்று நினைத்துக் கை தட்டுவார்கள்.

அவள் புருஷன் ரெங்கசாமி, ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் சயாமில் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போகப்பட்டவர். திரும்பவில்லை. செத்தார் என்று ஒரு காகிதம் கிடையாது, போனார் என்றும் ஒரு காகிதம் கிடையாது. யுத்தம் முடிந்து விசாரிக்கப் போனபோது, "பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லை" என்றார்கள். அன்றிலிருந்து காகிதம் என்றால் நல்லம்மாளுக்கு ஒரு பயம்.

அவளோடு ஸ்டோரில் இன்னும் ஆறு பெண்கள் இருந்தார்கள். ஏழு பேருக்கும் ஒரே விரல்தான்: வழுவழுவென்று, கூழாங்கல் மாதிரி. சம்பள நாளானாலும் ஆஸ்பத்திரிச் சீட்டானாலும் கட்டைவிரல் வைக்கச் சொன்னால் இவர்கள் வைப்பது வெறும் மைத்திட்டாகத்தான் விழும். அதற்குத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நவமணியைக் கூப்பிடுவார்கள்.

நவமணி பிள்ளைக் கொட்டகையின் ஆயா. தாய்மார்கள் வேலைக்குப் போனதும் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. திராவகம் தொடாத கை. அவளுடைய கட்டைவிரலில் சக்கரம் போல ஒரு சுழி, ஒவ்வொரு கோடும் சீப்புப் பல் மாதிரித் தெளிவாக விழும். "சக்கரம் இருந்தா ராஜயோகமாம். எனக்குக் கிடைச்ச ராஜ்ஜியத்தைப் பாரு, முப்பது மூத்திரத் துணி" என்பாள். யாருக்காக விரல் வைத்தாலும் ஒரு வெற்றிலை வாங்கிக்கொள்வாள். இதில் யாரும் தப்பைப் பார்க்கவில்லை. கால் வலிக்கிறவளுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுப்பது போல, விரல் இல்லாதவளுக்கு விரல் கொடுப்பது. கிராணியும் பல வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கும் வேலை சீக்கிரம் முடிந்தது.

1949-இல் அடையாள அட்டை கொடுக்க வந்தார்கள். காட்டில் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள், நாட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் யார் என்று சர்க்காருக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார்கள். விடியற்காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் மேசை போட்டார்கள். ஒரு பக்கம் போட்டோ, ஒரு பக்கம் மை. இரண்டே நாளில் அறுநூறு பேர். கடைசி மேசையில் கிராணி கார்த்திகேசு உட்கார்ந்து, "என் முன்னிலையில் விரல் வைக்கப்பட்டது" என்று ஒவ்வொரு படிவத்திலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

மை தடவிய ஆள் பட்டணத்து இளைஞன். நல்லம்மாளின் விரலைப் பிடித்து அழுத்தினான். முட்டை மாதிரி ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. இன்னொரு படிவம் எடுத்தான். மறுபடியும் அதே முட்டை.

"இது விரலா, ரப்பர் முத்திரையா?" என்றான்.

"ரப்பர்லதானே தம்பி நாள் பூரா கெடக்குறேன். விரலும் ரப்பராத்தான் போகும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கிராணி சிரிக்கவில்லை.

"படிவமெல்லாம் நாசமாப் போகுது. நவமணி எங்கை? கூப்பிடுங்கோ அவளை."

இடுப்பில் ஒரு குழந்தையோடு நவமணி வந்தாள். "என்னாங்க ஐயா, மறுபடியும் நானா? ஏழு பேருக்கு ஏழு வெத்தலை லா. நல்லம்மா அக்கா, போன தடவை மாதிரி காஞ்சது குடுத்தா வாங்க மாட்டேன்."

"வாய் காட்டாமல் வை."

நல்லம்மாளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "ஐயா, இது சர்க்கார் காகிதமாச்சே. என் விரலையே வச்சிடுறேன். கறுப்பா விழுந்தா விழட்டும்."

கிராணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கறுப்பா விழுந்தா எடுக்கமாட்டினம். காட்டுக்காரருக்குச் சோறு குடுக்கிறவள், அதுதான் பதியப் பயப்பிடுறாள் எண்டு பிடிச்சுக்கொண்டு போவினம். விருப்பமோ?"

விருப்பமில்லை. நவமணி ஏழு படிவத்திலும் விரல் வைத்தாள். பிறகு தன்னுடைய படிவத்திலும் வைத்தாள். கிராணி எட்டிலும் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் நவமணிக்கு ஏழு வெற்றிலை போய்ச் சேர்ந்தது.

இரண்டு வருஷம் போனது. ஆட்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. ஒரே ஒரு கதவு. போகும்போது சோதனை, வரும்போது சோதனை. மதியச் சோற்றைக் காட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, கம்யூனிஸ்டு கைக்குப் போய்விடுமாம். பாலுக்குப் போகும் வாளியைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அரிசிக்கு அட்டை, வாசலுக்கு அட்டை, ஆஸ்பத்திரிக்கு அட்டை. அட்டையை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவன் வாசலிலேயே கிடப்பான். நல்லம்மாள் தன் அட்டையைத் தாலிக் கயிறு போட்டிருந்த இடத்தில் ஒரு துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வாசலில் நின்ற மாத்தாக்கள், அதாவது போலீஸ்காரர்கள், படத்தைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், விட்டுவிடுவார்கள். விரலை யாரும் பார்க்கவில்லை.

விரலைப் பார்த்தது ஒரு மனிதன் இல்லை.

கோலாலம்பூரில் ஏதோ ஓர் ஆபீசில் ஒரு புது இயந்திரம் வந்திருந்தது. எனக்கு இது பிறகுதான் தெரிந்தது. விரல் ரேகையில் எத்தனை கோடு, எந்தப் பக்கம் சுழி என்று பார்த்து அதை எண்ணாக மாற்றுவார்களாம். அந்த எண்ணுக்கு ஏற்ற மாதிரி ஒரு தடித்த அட்டையில் துளை போடுவார்களாம். ஆயிரக்கணக்கான அட்டைகளை இயந்திரத்தில் கொடுத்தால், ஒரே மாதிரித் துளை உள்ளவை ஒரே பெட்டியில் வந்து விழும். நூறு குமாஸ்தாக்கள் ஒரு மாதம் செய்யும் வேலையை ஒரு மத்தியானத்தில் முடித்துவிடும். இப்போது பத்திரிகைகளில் இதைவிடப் பெரிய இயந்திரங்களைப் பற்றி எழுதுகிறார்கள். மின்சார மூளை என்கிறார்கள். அது தூங்காது, களைக்காது, லஞ்சம் வாங்காது, தப்பே செய்யாது என்கிறார்கள். என்னோடு படித்தவர்கள் அந்தச் செய்தியை வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். நானும் ஒட்டி வைத்திருந்தவன்தான்.

அந்த இயந்திரத்தின் ஒரு பெட்டியில் எங்கள் தோட்டத்து அட்டைகள் எட்டு ஒன்றாக வந்து விழுந்தன. அதிகாரிகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். எட்டும் ஒரே கட்டைவிரல். சந்தேகமே இல்லை. இயந்திரம் சொன்னது சரிதான்.

அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு இது: இந்தத் தோட்டத்தில் ஒருத்தி எட்டுப் பெயரில் எட்டு அட்டை வாங்கியிருக்கிறாள். எட்டுப் பேரின் அரிசியை வாங்கிக் காட்டுக்கு அனுப்புகிறாள்.

1952-இல் ஒரு நாள் ஜீப்பும் லோரியும் வந்தபோது மணி பதினொன்று. பால் வந்து இறங்கும் நேரம். ஸ்டோருக்குள்ளேயே துப்பாக்கியோடு வந்து பெயர்களைப் படித்தார்கள். நல்லம்மாள் தொட்டியிலிருந்து கையை எடுத்துத் துடைப்பதற்குள் பிடித்து ஏற்றிவிட்டார்கள். பிள்ளைக் கொட்டகையிலிருந்து நவமணியை இழுத்து வந்தார்கள். முப்பது பிள்ளைகள் கத்தின. லோரி நகரும்போது நல்லம்மாள், ஸ்டோருக்குப் புதிதாக வந்திருந்த புஷ்பவள்ளியைப் பார்த்து, "கங்காவைப் பார்த்துக்கோ" என்று கத்தினாள். அது காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியாது.

கோலசிலாங்கூரில் ஒரு காவல் நிலையத்தின் பின்முற்றத்தில் எட்டுப் பேரையும் உட்கார வைத்தார்கள். விசாரித்த வெள்ளைக்காரத் துரை இளைஞர். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. மொழிபெயர்க்க சீனி முகம்மது என்பவர் இருந்தார். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், ஊரில் துணிக்கடை வைத்திருந்தார்கள். அவர் மட்டும் படித்து உத்தியோகத்துக்கு வந்தவர்.

முதலில் நவமணியைக் கூப்பிட்டார்கள்.

"தங்கச்சி, துரை கேக்குறாரு. இந்த எட்டுப் பேருல உன் சொந்தப் பேரு எது?"

"எட்டுப் பேரா? ஒரு பேருக்குக் குடுக்குற சோத்துக்கே வேலை செஞ்சு மாளல பாய்."

சீனி முகம்மது அதை மொழிபெயர்க்கவில்லை. "நவமணி என்கிறாள்" என்று மட்டும் சொன்னார்.

"அப்போ மத்த ஏழு பேரும் யாரு?"

"அதோ உக்காந்திருக்காங்களே! கண்ணு தெரியலையா துரைக்கு?"

துரைக்குக் கண் தெரிந்தது. ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவர் கையில் இருந்த காகிதத்தில் ஒரு பெண்தான் இருந்தாள். அவர் காகிதத்தை நம்பினார். இந்த ஏழு பேரும் அட்டைப் படத்துக்கு மட்டும் முகம் காட்டிய யாரோ, உண்மையில் எங்கும் பதியாதவர்கள் என்று முடிவு செய்தார்.

நல்லம்மாள் எழுந்து போய் மேசை மேல் இரண்டு கட்டைவிரலையும் வைத்தாள். "பாருங்க. நல்லாப் பாருங்க. இதுல ரேகை இருக்கா? இருந்தா நான் எதுக்கு அடுத்தவ விரலை வைக்கிறேன்?"

துரை அவள் விரலைத் திருப்பிப் பார்த்தார். ஏழு பேரையும் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியது. கடைசியில் புரிந்துகொண்டார் என்று நல்லம்மாள் நினைத்தாள்.

சீனி முகம்மது தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அடையாளம் தெரியக் கூடாதுன்னு விரலைச் சுட்டுக்கிட்டீங்களாம். பெரிய திருடனுங்கதான் அப்படிச் செய்வானுங்களாம். ஏழு பேரும் சேர்ந்து செஞ்சதால இது பெரிய சதியாம்."

பதினேழு வருஷம் அந்த வெள்ளைக்காரர்களுடைய தொட்டியில் கையை விட்டவள் நல்லம்மாள். அந்தத் தகடுகள் கப்பலேறி அவர்களுடைய ஊருக்குத்தான் போயின. அந்தத் துரை வந்த ஜீப்புக்குச் சக்கரமே அதில்தான் செய்திருப்பார்கள். விரலைத் தின்றது அவர்கள். இப்போது விரல் இல்லாதது அவளுடைய குற்றம்.

"கிராணி ஐயாவைக் கூப்பிடுங்க. அவருதான் வைக்கச் சொன்னாரு. அவரு கையெழுத்து இருக்கு."

மறுநாள் கிராணி கார்த்திகேசு வந்தார். வெள்ளைக் கால்சட்டை, இஸ்திரி மடிப்பு. நல்லம்மாளைப் பார்க்காமல் துரையிடம் ஆங்கிலத்தில் பேசினார். பிறகு சீனி முகம்மது தமிழில் கேட்டபோது, "நான் மற்றப் பக்கம் பார்த்த நேரம் மாறி வச்சிருப்பினம். அறுநூறு பேர், நான் ஒரு ஆள். எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

"ஐயா!" என்றாள் நல்லம்மாள். "நவமணி எங்கைன்னு கேட்டது யாரு? வாய் காட்டாம வைன்னு சொன்னது யாரு?"

"பொய் சொல்லாதை."

"நான் பொய்யா? ஸ்டோருல என்னோட வேலை செய்ற வள்ளியம்மாவைக் கேளுங்க. எட்டுப் பேரையும் கேளுங்க."

துரை ஏதோ சொன்னார். சீனி முகம்மது மொழிபெயர்த்தார்: "கையெழுத்து இருக்கிற காகிதத்தைப் பொய்னு சொல்ல முடியாதாம்."

"பாய், இதைத் துரைகிட்ட அப்படியே சொல்லுங்க. என் விரல்னு எழுதியிருக்கிற எடத்துல நவமணி விரல் இருக்கு. அது பொய்யின்னு அவரே சொல்றாரு. அதே காகிதத்துல நாலு விரக்கடை தள்ளி கிராணி கையெழுத்து இருக்கு. அது மட்டும் எப்படி மெய்யாகும்?"

சீனி முகம்மது அதை முழுதாக மொழிபெயர்த்தார். ஒரு சொல்லும் விடவில்லை. துரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கிராணி தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எட்டுப் பேரையும் தடுப்பு முகாமுக்கு அனுப்பப் போவதாகவும், அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்றும் அன்று மத்தியானம் தெரிந்தது. வள்ளியம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்குக் கைக்குழந்தை. நல்லம்மாள் அழவில்லை. கங்காவுக்கு அப்போது பத்து வயசு. தகப்பனைக் காகிதம் இல்லாமல் தொலைத்த பிள்ளை. இப்போது தாயைக் காகிதத்தாலேயே தொலைக்கப் போகிறது.

மூன்றாம் நாள் புஷ்பவள்ளி, கங்காவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். சோறு கொண்டுவந்திருந்தாள். அவளுடைய வாசல் அனுமதிச் சீட்டு இரண்டு மணி நேரத்துக்குத்தான். கம்பி வழியாக அவள் இலைப் பொட்டலத்தை நீட்டினாள். நல்லம்மாள் வாங்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

புஷ்பவள்ளியின் விரல் நுனி வெள்ளையாகத் தோலுரிந்திருந்தது.

"ஏண்டி, நீ ஸ்டோருக்கு வந்து எத்தனை மாசம்?"

"பதினொரு மாசம்கா. முன்ன புல்லு வெட்டுல இருந்தேன்."

"அட்டைக்கு விரல் வச்சப்போ?"

"புல்லு வெட்டுலதான். என் விரலைத்தான் வச்சேன். நல்லா விழுந்துச்சே."

நல்லம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. கணக்குத் தெரியாது. ஆனால் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த எதையும்விட நல்ல சோதனை ஒன்றை அவள் அந்தக் கம்பிக்குப் பின்னால் நின்று யோசித்தாள். கத்திக் கத்தி சீனி முகம்மதுவை வரவழைத்தாள்.

"பாய், துரையை வரச் சொல்லுங்க. இவ அட்டையையும் இவ விரலையும் சேர்த்து வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. மூணு வருஷத்துக்கு முன்ன முழுசா இருந்த ரேகை இப்ப பாதி போயிருக்கும். இவ ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. இவ பேரு எந்தப் பட்டியல்லயும் இல்ல. இவ ஏன் சுட்டுக்கணும்? இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வந்து பாருங்க, இவ விரலும் என் விரலாட்டம் ஆயிருக்கும்."

துரை வந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அட்டையில் முழு ரேகை. விரலில் மேல் பாதி அழிந்திருந்தது, கீழ்ப் பாதியில் கோடுகள் அப்படியே அட்டையில் இருப்பது போல ஓடின. நெடுநேரம் பார்த்தார். பிறகு அவர் கண்ணாடியை மடித்துப் பைக்குள் போட்டார்.

"நம்புறாராம்" என்றார் சீனி முகம்மது. "விரலை நீங்க சுட்டுக்கல, வேலைதான் தின்னிருக்குன்னு நம்புறாராம்."

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் சீனி முகம்மது இன்னும் பேசி முடிக்கவில்லை.

"ஆனா சர்க்கார் படிவத்துல ஒருத்தர் விரல் வைக்க வேண்டிய எடத்துல இன்னொருத்தர் வச்சது வச்சதுதானாம். அது குத்தம். யார் வைக்கச் சொன்னாங்கன்னு நிரூபிக்க முடியல. வச்சவங்க தானாத்தான் வச்சேன்னு ஒத்துக்கிட்டா, மத்த ஏழு பேரும் இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். இல்லன்னா எட்டுப் பேரும் முகாம்."

"அது எப்படி?" என்றாள் நல்லம்மாள். "இப்பத்தானே நம்புறேன்னாரு?"

"விரலை நம்புறாரு. மேலிடத்துக்கு எழுதுறதுக்கு ஒரு பேரு வேணுமாம்."

நவமணி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். நல்லம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ உக்காரு. கிராணி மாட்டுற வரைக்கும் யாரும் ஒண்ணும் ஒத்துக்கக் கூடாது."

"கிராணி மாட்ட மாட்டாருக்கா."

"மாட்ட வைப்போம்."

"எப்போ? நீங்க ஏழு பேரும் முகாமுக்குப் போனப்புறமா? கொட்டாயில இருக்கிறதுல பாதி உங்க பிள்ளைங்க. ஆயாவும் இல்லாம அம்மாவும் இல்லாம அதுங்க என்ன பண்ணும்? எனக்குப் புள்ள இல்ல, குட்டி இல்ல. ஆறு மாசம் போட்டா ஆறு மாசம்." பிறகு சிரித்தாள். "ஒரு நாளைக்கு ஒரு வெத்தலை வீதம் வச்சிரு. வந்து வாங்கிக்கிறேன்."

நல்லம்மாள் பிடித்த கையை விடவில்லை. அவளுடைய விரலுக்குத்தான் பிடிப்புக் கிடையாதே. நவமணி மெதுவாக இழுத்ததும் கை வழுக்கி வந்துவிட்டது.

நவமணி போய், தானாகத்தான் வைத்தேன் என்று சொன்னாள். அந்த வாக்குமூலத்தின் அடியிலும் அவளைக் கட்டைவிரல்தான் வைக்கச் சொன்னார்கள். மிகத் தெளிவாக விழுந்தது.

ஆறு மாதம் ஜெயில். ஆறு மாதம் முடிந்த அன்று அவளை வீட்டுக்கு விடவில்லை. எங்கே பிறந்தாய் என்று கேட்டார்கள். பக்கத்திலேயே இருக்கிற அசாம் ஜாவா என்ற ஊரில் என்றாள். காகிதம் எங்கே என்றார்கள். இல்லை. காகிதம் இல்லாதவள் இந்தியாவில் பிறந்தவள் என்று எழுதிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றினார்கள். அவள் அந்த ஊரைப் பார்த்தது கிடையாது. அங்கே அவளுக்கு ஒருவரையும் தெரியாது. சிலாங்கூர் ஆற்றைத் தாண்டியே அவள் நாலைந்து முறைதான் போயிருப்பாள். ஒரு கடிதமும் வரவில்லை. எழுதத் தெரியாதவள் எப்படி எழுதுவாள்?

கிராணி கார்த்திகேசு அடுத்த வருஷம் பெரிய கிராணியானார். ஸ்டோருக்குக் கையுறை வரவில்லை.

ஏழு பேருக்கும் புது அட்டை கொடுக்கக் கூப்பிட்டார்கள். கட்டைவிரல் வைக்கும் கட்டத்தில் ஒரு கோடு இழுத்து, "பதிவு இல்லை" என்று எழுதியிருந்தார்கள். ஆறு பேர் வாங்கிக்கொண்டார்கள். நல்லம்மாள் வாங்கவில்லை.

"ஏன் பதிவு இல்லைன்னு எழுதுங்க" என்றாள்.

"அதுக்கெல்லாம் எடம் இல்லம்மா" என்றார் சீனி முகம்மது.

"எடத்தை உண்டாக்குங்க. நாளைக்கு இன்னொரு துரை வந்து சுட்டுக்கிட்டேன்னு சொல்லுவாரு. அப்ப குடுக்குறதுக்கு என்கிட்ட இன்னொரு நவமணி இல்ல."

அவள் அந்த ஆபீஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலை ஒன்பதிலிருந்து அலுவலகம் மூடும் வரை எழுந்திருக்கவில்லை. தூக்கிப் போடுவேன் என்று மிரட்டினார்கள். "தூக்குங்க" என்றாள். அன்று அரிசிச் சீட்டும் போனது, ஒரு நாள் சம்பளமும் போனது. கடைசியில் சீனி முகம்மது உள்ளே போய் வெகு நேரம் பேசிவிட்டு வந்தார். துரை அட்டையின் ஓரத்தில், தன் கைப்பட, பொடி எழுத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்த அதை நான்தான் அவளுக்குப் படித்துச் சொன்னேன்: "இவர் விரல் ரேகை ரப்பர் ஸ்டோர் வேலையில் திராவகத்தால் அழிந்தது."

"பாய்," என்று அவள் போகும்போது கேட்டாளாம், "இந்த வரியை அந்த மிசினு படிக்குமா?"

சீனி முகம்மது பொய் சொல்லாத மனிதர். "படிக்காதும்மா. விரலுக்குத் துளை இருக்கு, வயசுக்குத் துளை இருக்கு, ஆணா பொண்ணான்னு துளை இருக்கு. இதுக்குத் துளை இல்ல" என்றார்.

நல்லம்மாள் இன்னும் ஸ்டோரில்தான் வேலை செய்கிறாள். நவமணியைக் கூப்பிட்ட மாதிரி இப்போது யாரையும் கூப்பிட விடுவதில்லை. சம்பளப் புத்தகத்தில் அவளுடைய விரல் முட்டையாகத்தான் விழுகிறது. "விழட்டும், அதுதான் நான்" என்கிறாள்.

மறுபடியும் பதிவு வரும் என்று பேச்சு அடிபடுகிறது. இன்னும் பெரிய இயந்திரம் வரும், இன்னும் வேகமாகப் பிரிக்கும் என்கிறார்கள். வரட்டும். எனக்கு இயந்திரத்தின் மேல் கோபம் இல்லை. அதன் வாயில் பொய்யை ஊட்டிவிட்டு, அது கக்கியதை வேதவாக்காகப் படித்தவர்கள் மேல்தான் கோபம்.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். உங்கள் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்யும் பெண்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. அவர்களிடம் போய் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மேசை போட்டு மையோடு யார் வந்தாலும் அடுத்தவள் விரலை வைக்க விட வேண்டாம், கறுப்பாக விழுந்தால் ஏன் விழுந்தது என்று அங்கேயே எழுதி வாங்கச் சொல்லுங்கள். அவர்களை அடுத்த தோட்டத்துக்காரர்களிடம் சொல்லச் சொல்லுங்கள். நாகப்பட்டினத்துப் பக்கம் யாருக்காவது உறவு இருந்தால், கப்பலில் போகிறவர்களிடமும் இந்தக் கதையைச் சொல்லி அனுப்புங்கள். அங்கே எங்காவது நவமணி என்று ஒருத்தி இருப்பாள்.